செம்பனைத் தோட்டத்திலிருந்து செப்பாங் தடத்துக்கு: ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தைத் தொழிலாக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

பந்திங், ஜுக்ரா, கேரித் தீவு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்துக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், "அது பணக்காரர் பிள்ளைகள் விளையாட்டு" என்று சொல்லி ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். அந்தப் பேச்சில் பாதி உண்மை. இந்த விளையாட்டில் பணம் கொட்டிக் கிடப்பதும் உண்மை, அந்தப் பணம் முழுக்க ஓட்டுநருடையதாக இருப்பதில்லை என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையைப் புரிந்துகொண்டவர்கள்தான் இதைத் தொழிலாக வைத்துப் பிழைக்கிறார்கள்.

இந்தத் தொழில் எப்படிச் சோறு போடுகிறது

ஃபார்முலா 1இல் உலகம் முழுவதற்கும் இருபத்துச் சொச்சம் இருக்கைகள்தான். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் அப்படி இல்லை. ஒரே காரை இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். போட்டி 1 மணி நேரமாகவும் இருக்கலாம், 24 மணி நேரமாகவும் இருக்கலாம். கார்களும் கடையில் விற்கும் போர்ஷே, ஃபெராரி, மெர்சிடிஸ், ஆடி போன்றவற்றின் பந்தய வடிவங்கள். ஜி.டி.3 என்ற பிரிவு 2006இல் தொடங்கியது. இன்று உலகில் அதிகம் ஓடும் பிரிவு அதுதான். புதிய ஜி.டி.3 கார் ஒன்றின் விலை 2 மில்லியன் வெள்ளியைத் தாண்டும்.

அந்தக் காரை வாங்குவது யார்? பெரும்பாலும் தொழிலதிபர்கள். அவர்களுக்கும் ஓட்ட ஆசை. அதனால் அனைத்துலக மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ., ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரோன்ஸ் (வெண்கலம்) என்று நான்கு தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. 30 வயதுக்கு மேல் முதல் பந்தய லைசென்ஸ் எடுத்த பொழுதுபோக்கு ஓட்டுநர் பொதுவாக பிரோன்ஸ். பெரிய பட்டங்கள் எதுவும் இல்லாத இளைஞர் பொதுவாக சில்வர். பல போட்டிகளில் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரோன்ஸ் ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும். பிரான்ஸ் நாட்டில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் 2024 முதல் ஓடும் எல்.எம்.ஜி.டி.3 பிரிவிலும் இதே விதிதான்.

செலவு செய்பவர் பிரோன்ஸ். அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, அவர் விட்ட நேரத்தைப் பிடித்து, காரைக் கீறல் இல்லாமல் திருப்பிக் கொண்டுவருபவருக்குத்தான் சம்பளம். ஒரு சுற்றில் அரை வினாடி வேகமாக இருந்தாலும் இரண்டு போட்டிக்கு ஒருமுறை காரை உடைப்பவரை இரண்டாவது ஆண்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும், அடுத்தவர் காரை நம்பிக் கொடுக்கும் ஆளாக நீங்கள் மாறுகிறீர்களா என்பதையே அளவுகோலாக வையுங்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வேகமான சில்வர் ஓட்டுநருக்குத்தான் சந்தையில் கிராக்கி அதிகம், ஏனென்றால் விதி அவரை அமெச்சூர் பக்கம் வைக்கிறது, ஆனால் நேரம் கோல்டு ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தத் தரத்தை ஆண்டுதோறும் திருத்துவார்கள். நன்றாக ஜெயித்தால் கோல்டுக்கு ஏற்றிவிடுவார்கள், அடுத்த ஆண்டு அதே குழுவில் உங்களுக்கு இடம் இல்லாமல் போகலாம். அதனால் சில்வராக இருக்கும் ஆண்டுகளிலேயே குழுக்களோடு உறவை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வயதில், எதில் தொடங்குவது

வசதி இருந்தால் 8 வயதில் கோ-கார்ட். ஐந்தாம் படிவம் முடித்த பிறகுதான் ஆசை வந்தது என்றாலும் கதவு மூடிவிடவில்லை. ஒற்றை இருக்கைக் கார்களில் 18 வயது என்பது தாமதம். ஸ்போர்ட்ஸ் காரில் 25 வயதில் வளர்ந்து வருபவர்களும் இருக்கிறார்கள். அஜித் குமார் 50 வயதைத் தாண்டிய பிறகு, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டிக்குத் தன் பெயரில் ஒரு குழுவையே இறக்கினார். அவர் அங்கே செலவு செய்பவரின் இடத்தில் இருந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நமக்கு வேண்டியது சம்பளம் வாங்குபவரின் பாதை.

வாடகைக் கார்ட்டில் தொடங்குங்கள். வாடகைக் கார்ட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஒன்றின் பிரேக் இறுக்கம், இன்னொன்றின் டயர் தேய்ந்தது. கையில் கிடைத்ததை ஓட்டி, மூன்றாவது சுற்றுக்குள் அதன் குணத்தைப் பிடிக்கப் பழகுங்கள். நீண்ட தூரப் போட்டியில் அடுத்தவர் ஓட்டிக் களைத்த காரில் ஏறும்போது தேவைப்படும் திறமை இதுதான்.

சொந்தக் கார்ட் என்றால் பெரும்பாலும் 125 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடித்தவர்களுக்கு இது பழக்கமான உலகம். பெட்ரோலில் டூ-டி எண்ணெய் கலக்க வேண்டும், ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சினுக்கு 2 விழுக்காடு, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது, அளவுக் குவளை வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துவிடும்.

கார்புரேட்டர் ஜெட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. மதிய வெயிலில் காற்று லேசாக இருக்கும், அதற்குச் சிறிய மெயின் ஜெட் போதும். சாயங்காலம் மழை பெய்து காற்று குளிர்ந்து அடர்த்தியானதும் அதே ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் பங்கு குறைந்து எஞ்சின் சூடேறிப் பிடித்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் வெப்பநிலை, ஈரப்பதம், ஜெட் எண், ஓட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கின் நிறம், இந்த நான்கையும் நோட்டில் எழுதுங்கள். பழுப்பு நிறம் சரி, வெளிறிப்போனால் ஆபத்து. பெரிய குழுக்களில் எஞ்சினியரோடு பேசும் பழக்கம் இந்த நோட்டில்தான் தொடங்குகிறது.

விலா எலும்புக் கவசம் இல்லாமல் கார்ட்டில் ஏறாதீர்கள். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் உடம்பு இருக்கையின் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். விலா விரிசல் விட்டால் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

கார்ட்டுக்கும் பணம் இல்லை என்றால் சிமுலேட்டர். ஜான் மார்டன்பரோ 2011இல் வீடியோ கேம் போட்டியில் ஜெயித்து, 2013இல் லெ மான் போட்டியில், பந்தயத்துக்கென்றே கட்டும் கார்களின் எல்.எம்.பி.2 பிரிவில் மூன்றாம் இடத்துக்கு வந்தார். சிமுலேட்டர் வாங்கும்போது ஸ்டியரிங்கை விட பிரேக் பெடலுக்கு முதலில் செலவழியுங்கள். பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதை அளக்கும் மலிவான வகை வேண்டாம், எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அளக்கும் லோட் செல் வகை வேண்டும், நிஜப் பந்தயக் காரில் கால் அழுத்தத்தைத்தான் நினைவில் வைக்கிறது. நாற்காலியைத் தரையோடு இறுக்கிக் கட்டுங்கள். ஒரே ஒரு வேகமான சுற்றைத் துரத்தாமல், 30 சுற்றுகளைத் தொடர்ந்து ஓட்டி, எல்லாச் சுற்றுகளும் அரை வினாடி வித்தியாசத்துக்குள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் கார் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் தோட்டச் சாலையில், இரவு நெடுஞ்சாலையில் ரேஸ் விட்டு யாரும் பந்தய ஓட்டுநர் ஆனதில்லை. சாலையில் மரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் சரளை மேடு கிடையாது, எதிரே வருபவருக்கு ஹெல்மெட் கிடையாது. பிடிபட்டால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் சிறை, அபராதம், லைசென்ஸ் இழப்பு வரை போகும். அந்தப் பதிவோடு எந்த நிறுவனமும் உங்கள் பெயரைத் தன் காரில் ஒட்டாது.

லைசென்ஸும் மார்ஷல் வேலையும்

மலேசியாவில் 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். பந்தய லைசென்ஸ் வேறு. அதை மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கமான எம்.ஏ.எம். கொடுக்கிறது. எந்த வகுப்புக்கு எந்தப் பயிற்சி, எந்த மருத்துவச் சான்று என்பதை அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் பாருங்கள், நண்பர் சொன்ன பழைய விதியை நம்பிப் போய் வாசலில் திரும்பி வருபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்கும் முன் அவர்களை ஒருமுறை தடத்துக்கு அழைத்துப் போய் மருத்துவ மையத்தையும் தடுப்புச் சுவர்களையும் காட்டுங்கள். பயம் குறையும், ஆதரவும் கூடும்.

லைசென்ஸுக்கு முன்பே மார்ஷலாக, அதாவது தடத்தோரம் கொடி காட்டுபவராக, பெயர் கொடுங்கள். ஓட்டுநர் எங்கே பிரேக் போடுகிறார், எந்த வளைவில் யார் சறுக்குகிறார் என்று தடத்தின் ஓரத்தில் நின்று நாள் முழுக்கப் பார்க்க வேறு வழியே இல்லை. கொடிகளும் மனத்தில் பதிந்துவிடும். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே. இரட்டை மஞ்சள் என்றால் நிற்கவும் தயாராக இரு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். மஞ்சள் கொடியில் முந்தி வாங்கும் தண்டனைதான் புதியவர்களின் போட்டியை அதிகம் கெடுக்கிறது.

சொந்தக் காரோடு தடத்தில் முதல் நாள்

ஓட்டத் தெரியாததால் வீணாகும் முதல் நாட்களை விட, காரைத் தயார் செய்யாததால் வீணாகும் நாட்கள்தான் அதிகம். மைவி, சாகா, வியோஸ் எதுவானாலும் பரவாயில்லை. முதல் வேலை பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் நாட்டு ஈரப்பதத்தில் இன்னும் வேகமாக. டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். செப்பாங்கின் நீண்ட நேர்கோட்டு முடிவில் நான்கைந்து முறை முழு பிரேக் போட்டதும் எண்ணெய் கொதித்து நீராவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பெடல் பஞ்சு போல் தரைவரை போகும். அப்போது பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து அழுத்தத்தை ஏற்றுங்கள், கியரைக் குறையுங்கள், ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சரளைப் பரப்புக்குள் போய்விடுங்கள். தடத்துக்குப் போகும் வாரத்தில் நான்கு சக்கரத்திலும் புது டாட் 4 ஊற்றி, காற்றுக் குமிழி முழுக்க வெளியேறியதா என்று உங்கள் ஃபோர்மனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பேடின் பருமன் பாதிக்குக் கீழே இருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள்.

டயர் காற்று சூடேறினால் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை ஏறும். வீட்டில் 32 வைத்து வந்தால் நான்காவது சுற்றில் 40 ஆகி, டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், முன் சக்கரம் வளைவில் கேட்காது. 28இல் தொடங்குங்கள், முதல் ஓட்டம் முடிந்து உள்ளே வந்ததும் சூட்டோடு அளந்து 34, 35இல் நிறுத்துங்கள். திரும்பும்போது ஆறிய டயருக்கு மறுபடி காற்று நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

எஞ்சின் எண்ணெய் மேல்கோடு வரை இருக்கட்டும். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள், நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் இருமும். சக்கர நட்டை டார்க் ரென்ச் வைத்துக் கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை சரிபாருங்கள். தரைவிரிப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வெளியே எடுத்துவிடுங்கள், பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இழுவைக் கொக்கியை முன்னால் மாட்டி வையுங்கள். பாலியஸ்டர் ஜெர்சி வேண்டாம், தீயில் உருகி உடம்போடு ஒட்டும். நீளக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள்.

ஒரு ஓட்டத்தில் ஐந்து ஆறு சுற்று போதும். கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் பேட் டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் போடும்போதெல்லாம் கார் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

உங்கள் சாலைக் காப்புறுதி தடத்தில் செல்லாது. காரை இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. மாதத் தவணை கட்டும் ஒரே குடும்பக் காரைத் தடத்துக்குக் கொண்டுபோவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய சாகாவை வாங்குவது நல்லது.

செப்பாங்கைப் படிப்பது

1999இல் திறந்த இந்தத் தடம் 5.543 கி.மீ. நீளம், 15 வளைவுகள். 2017 வரை ஃபார்முலா 1 இங்கே நடந்தது. தடம் அகலமானதால் புதியவர் கண்ணுக்கு எல்லா வளைவும் எளிதாகத் தெரியும், ஏமாந்து சீக்கிரமே உள்ளே திருப்பிவிடுவார்கள். முதல் வளைவு உள்ளே போகப் போக இறுகி, உடனே இடப்பக்கம் இரண்டாம் வளைவாகத் திரும்புகிறது. முதலாவதில் பேராசைப்பட்டால் இரண்டாவதில் இடம் இருக்காது.

தரம் பிரிக்கும் இடம் 14ஆம் வளைவு. வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் போட வேண்டும். முழு பலத்தோடு மிதித்தால் எடை முழுக்க முன்னால் வந்து, லேசான பின்பக்கம் வெளியே வீசும். பயந்து குறைவாக மிதித்தால் கார் நேராகவே ஓடி வெளியே போகும். முதல் கணத்தில், கார் இன்னும் ஓரளவு நேராக இருக்கும்போதே அதிகபட்ச அழுத்தம், ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. காரின் ஓட்டத்தைப் பதியும் கருவியின் டேட்டா திரையில் பிரேக் அழுத்தக் கோடு செங்குத்தாக ஏறி, சரிவாக இறங்க வேண்டும். புதியவரின் கோடு மெதுவாக ஏறி, நடுவில் மேடு கட்டி, சட்டென்று விழும். அப்படி விழும் இடத்தில்தான் கார் நிலைகுலைகிறது. இந்த ஒரு கோட்டைச் சரிசெய்தால் மற்ற வளைவுகளும் தானாகத் திருந்தும். அடுத்து பின் நேர்கோடு, அதன் முடிவில் இடப்பக்கக் கொண்டை ஊசி, 15ஆம் வளைவு. முந்துவதற்கு இதைப் போல் இடம் வேறு இல்லை.

மழையைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். 2009 மலேசிய கிராண்ட் பிரீ சாயங்கால மழையால் பாதியில் நின்று, பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். மழையில் வழக்கமான கோட்டில் ரப்பர் படிந்து வழுக்கும், அதற்கு வெளியே ஒரு கார் அகலம் தள்ளி ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டு ஓட்டுநர்கள் தடுமாறும் இடம் இது, பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு மழை நாட்கள் இலவசப் பயிற்சி.

முதல் போட்டிகள்

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் தரும் ஒற்றைத் தயாரிப்புப் போட்டிகளில் தொடங்குவது நல்லது. 2017இல் தொடங்கிய வியோஸ் சேலஞ்ச் அந்த வகை. காரில் வித்தியாசம் இல்லாததால் உங்கள் நேரம் உங்களையே காட்டும். அடுத்தது செப்பாங் 1000 கி.மீ. போன்ற நீண்ட தூரப் போட்டி. 1000 கி.மீ. என்பது அங்கே 181 சுற்று. சாகா, மைவி அளவுக் கார்களும் ஓடும் இந்தப் போட்டியில் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், காரைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் வரும்.

ஓட்டுநர் மாற்றம்: பயிற்சி செய்தால் இலவசமாகக் கிடைக்கும் நேரம்

தடத்தில் அரை வினாடி குறைக்க மாதங்கள் ஆகும். பிட்டில், அதாவது போட்டி நடுவே கார் நின்று போகும் இடத்தில், பத்து வினாடியைப் பட்டறைப் பயிற்சியிலேயே குறைத்துவிடலாம். கார் முழுக்க நிற்கும்வரை பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் தண்டனை. நின்றதும் வரிசை இது: எஞ்சினை அணைத்தல், ஜன்னல் வலையை விடுதல், ரேடியோ வயரையும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்குதல், பெல்ட் பூட்டைத் திருப்புதல், தோள் பட்டைகளை இரண்டு பக்கமும் வெளியே வீசுதல், தன் அளவு இருக்கை மெத்தையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குதல்.

ஏறுபவர் தன் மெத்தையோடு உள்ளே இறங்கி, முதலில் இடுப்புப் பட்டையைப் பூட்டி, வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படியும்படி கீழே இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தோள் பட்டை. தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் குடல் அடிபடும். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியின் இரண்டு கைகளும் தோள் பட்டைக்கு அடியில் இருக்கின்றனவா என்று உதவுபவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இறங்கியவர்தான் உதவுபவர், அவர் களைத்திருப்பார், அதனால்தான் தவறு நடக்கிறது. பட்டை முறுக்கிக்கொள்வது, மெத்தைக்கு அடியில் சிக்குவது, ரேடியோ வயரைச் செருக மறப்பது, இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். ஹெல்மெட், கையுறை, முழு உடையோடு ஒரு சாயங்காலத்தில் முப்பது முறை செய்யுங்கள். வெறுங்கையில் பழகியது போட்டியில் உதவாது.

பிட் சுவரில் ஏறிக் குதிப்பதையும் விட்டுவிடுங்கள். 2009 லெ மான் போட்டி தொடங்கும் முன் தமிழகத்தின் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் அந்தச் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள் மூட்டு விலகியது. அத்தனை உழைத்து அடைந்த அந்தப் போட்டியில் அவர் ஒரு சுற்றுகூட ஓட்ட முடியவில்லை.

உடம்பு

மூடிய காரின் உள்ளே வெப்பம் 50 பாகையைத் தாண்டும். மூன்றடுக்குத் தீத்தடுப்பு உடைக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் இரண்டு லிட்டர் வரை வியர்வை போகலாம். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் அளவில், உப்புக் கலந்த நீராகக் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் உடம்பில் உப்பு நீர்த்துத் தலைசுற்றும். பயிற்சி ஓட்டத்தைக் குளிர்ந்த காலையில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், பழகப் பழகச் சாயங்கால வெக்கையிலும் ஓடுங்கள். ஜி.டி.3 காரின் பிரேக்கை மணிக்கணக்கில் ஓங்கி மிதிக்க இடது கால் பலம் தனியாக வேண்டும்.

மருந்து விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. சளி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சூடோஎபிட்ரின் போட்டி நாளில் அளவு மீறி இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். என்ன கலந்தது என்று லேபிள் இல்லாத லேகியமும் சூரணமும் இன்னும் ஆபத்து. எதையும் சாப்பிடும் முன் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸிடம் விசாரியுங்கள்.

பணமும் ஒப்பந்தமும்

ஸ்பான்சரைத் தேடிப் பெரிய நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். பந்திங் அளவு ஊரில் டயர் கடை, லாரிப் போக்குவரத்து நிறுவனம், செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர், உதிரிப்பாகக் கடை இருக்கும். அவர்களிடம் நன்கொடை கேட்பது போல் போகாதீர்கள். 5,000 வெள்ளி கொடுத்தால் காரின் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய பெயர், எத்தனை படம், போட்டி நாளில் அவர் வாடிக்கையாளர்கள் எத்தனை பேருக்கு பிட் கட்டடத்தில் இடம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். போட்டி முடிந்த வாரத்திலேயே படங்களோடு நேரில் போய்ப் பாருங்கள், தோற்றிருந்தாலும் போங்கள். இரண்டாவது ஆண்டுப் பணம் அந்தச் சந்திப்பில்தான் முடிவாகும்.

காசு வாங்குவதற்கு முன் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.இல் ஒரு சிறு தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. ரசீது கொடுத்தால்தான் கடைக்காரர் அதைத் தன் கணக்கில் காட்ட முடியும்.

ஒரு குழு கூப்பிட்டால் சம்பளத்தைப் பார்க்கும் முன் சேதம் பற்றிய பிரிவைப் படியுங்கள். கார் உடைந்தால் யார் கட்டுவது, உங்கள் பங்குக்கு உச்சவரம்பு உண்டா, அடுத்தவர் வந்து இடித்தாலும் உங்கள் கணக்கா? உச்சவரம்பு எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரே மோதலில் குடும்பம் கடனாளியாகலாம். உங்கள் உடலுக்கான விபத்துக் காப்புறுதியும் மோட்டார் பந்தயத்தை விலக்கவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள், சாதாரணத் திட்டங்கள் பெரும்பாலும் விலக்கிவிடும்.

வருமானம் சீராகும்வரை பயிற்றுநர் வேலைதான் கைகொடுக்கும். பந்தயக் குழுவில் மெக்கானிக்காக இருப்பதும் நல்ல நுழைவாயில், எஸ்.பி.எம். முடித்து மோட்டார் தொழில்நுட்பம் படித்தவரைக் குழுக்கள் வரவேற்கின்றன. கார் எதனால் உடைகிறது என்று தெரிந்த ஓட்டுநர் அதைக் குறைவாகவே உடைப்பார்.

அதற்கு மேலே

நாட்டுப் போட்டிகளில் இரண்டு மூன்று பருவம் முடித்தவர்கள் வட்டாரப் போட்டிக்குப் போகலாம்: போர்ஷே கரேரா கப் ஆசியா, லம்போர்கினி சூப்பர் டிரோஃபியோ ஆசியா, ஜி.டி. உலக சேலஞ்ச் ஆசியா. குளிர்காலத்தில் நடக்கும் ஆசிய லெ மான் தொடரில் பிரிவு வாரியாக ஜெயிக்கும் குழுக்களுக்கு லெ மான் 24 மணி நேரப் போட்டிக்கு அழைப்பு வரும். 2001இல் மினார்டி குழுவில் மலேசியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான அலெக்ஸ் யூங், பிறகு ஆடி ஆர்8 எல்.எம்.எஸ். கோப்பைப் பட்டங்களை வென்றது ஸ்போர்ட்ஸ் காரில்தான். 2018 லெ மானில் ஜாஸ்மேன் ஜாஃபார், வெய்ரோன் டான், நபில் ஜெஃப்ரி என்று மூன்று மலேசியர்களே ஒரு எல்.எம்.பி.2 காரை ஓட்டினார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் நம் பிள்ளை ஒருவர் பெயர் சேரவில்லை.

பெரும்பாலான குழுக்கள் அடுத்த ஆண்டு இருக்கைகளை அக்டோபர் முதல் ஜனவரிக்குள் பேசி முடிக்கும். அதற்குள் ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கட்டும்: பிறந்த ஆண்டு, உயரம், எடை, லைசென்ஸ் தரம், எஃப்.ஐ.ஏ. தரம் இருந்தால் அது, ஓட்டிய போட்டிகளும் முடிவுகளும், அந்தப் பருவத்தில் எத்தனை முறை காரைச் சேதப்படுத்தினீர்கள் என்பதும். கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. குழு மேலாளர் முதலில் தேடுவது அதைத்தான், எப்படியும் பிட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்வார். கூடவே ஒரு முழு ஓட்டத்தின் சுற்று நேரங்களை, வேகமானதை மட்டும் பொறுக்காமல், முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை அப்படியே இணையுங்கள்.